சாமிகள் எங்கள் ஊர்ப்பக்கம் வரும் மாதம்

மட்சுயே
8-12-2025, கார்த்திகை 22

அன்புள்ள கோமதி,

உன் குரல் பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். முட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டது, மாடியில் குடியிருந்தவர்கள் ஒருவழியாகக் காலி செய்தது, சரவணனுக்கு இந்த வரனும் தட்டிப்போனது எல்லாம் தெரிந்துகொண்டேன். நடுவில் உன் வீட்டுக் குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரர் குரல். அதற்காகவே நாலாவது தடவையும் கேட்கலாம். நானும் பேசி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் ஆளில்லாமல் கைபேசியிடம் பேசினால் எனக்கு நாக்கு குழறும். ஹாஸ்டலில் இருந்தபோது இன்லண்ட் லெட்டரில் பசை தடவும் ஓரம்கூட விடாமல் எழுதுவோமே, அந்தப் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சௌக்கியம். வேலையில் பெரிய மாற்றம் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்; இத்தனை வருஷ சர்வீஸில் அது ஒன்றுதான் லாபம்.

திருக்கார்த்திகைக்கு நீ அவித்த ஓலைக்கொழுக்கட்டைப் படத்தை அனுப்பிவிட்டு, "ஏட்டி, அங்க உள்ளவங்களுக்கும் நம்மள மாதிரி ஆடி ஆவணின்னு மாசம் உண்டா, இல்ல வெறும் ஜனவரி பிப்ரவரிதானா?" என்று போகிற போக்கில் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்ததில்தான் இத்தனை காகிதம் ஆகிவிட்டது.

இங்கே ஜப்பானில் அன்றாடப் புழக்கத்தில் மாதத்துக்குப் பெயரே கிடையாது. ஒன்றாம் மாதம், இரண்டாம் மாதம் என்று பன்னிரண்டு வரை எண்ணிக்கைதான். வங்கியிலும் அப்படி, பள்ளிக்கூடத்திலும் அப்படி. வந்த புதிதில் எனக்கு இது மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருந்தது. பிறகுதான் அரிசிக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில், பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருப்பதைப் பார்த்தேன். முட்சுகி, கிசராகி, யாயோய், உஸுகி, சட்சுகி, மினஸுகி என்று போகிறது. இவை பழைய சந்திரக் கணக்கு மாதங்களின் பெயர்கள். இன்றைக்கு மரியாதைக் கடிதங்களின் முதல் வரியிலும், பலகாரக் கடைகளிலும், பெண் பிள்ளைகளின் பெயர்களிலும் உயிரோடு இருக்கின்றன. எங்கள் அலுவலகத்திலேயே ஒரு யாயோய் இருக்கிறாள். மார்ச்சில் பிறந்தவள்.

இந்தப் பெயர்களோடு என் முதல் பழக்கம் ஒரு அசட்டுத்தனத்தில்தான் ஆரம்பித்தது. மட்சுயேக்கு வருமுன் கியோட்டோவில் மொழி படித்தேன் இல்லையா, அப்போது நடந்தது. ஜூன் மாதம், மழை கொட்டுகிறது. ஒதுங்க இடம் தேடி ஒரு இனிப்புக் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடிக்குள் வெள்ளையாக, முக்கோணமாக ஒரு பலகாரம். அரிசி மாவை அவித்துச் செய்தது. தொட்டால் நம் கொழுக்கட்டை மேல்மாவு மாதிரி வழுவழுவென்று இழுபடும். மேலே அஸுகி என்கிற சிவப்புப் பயறை இனிப்பில் வேகவைத்து அப்பியிருந்தார்கள். பெயர்ச் சீட்டில் 'மினஸுகி' என்று மூன்று சீன எழுத்துகள்: தண்ணீர், இல்லை, மாதம். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்த கர்வம் எனக்கு. கடைக்கார அம்மாளிடம், "வெளியே இப்படிக் கொட்டுகிறது, நீங்கள் தண்ணீர் இல்லாத மாதம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களே" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பலகாரத்தைப் பொட்டலம் கட்டித் தந்தாரே தவிர, விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை சொன்னார். நடுவில் இருக்கும் 'ன' பழைய ஜப்பானிய மொழியில் ஆறாம் வேற்றுமை உருபு. நம் 'இன்', 'உடைய' மாதிரி. மி என்றால் தண்ணீர். ஆக மினஸுகி என்றால் தண்ணீரின் மாதம். வயலுக்கு நீர் கட்டும் மாதம் என்று கொள்ளலாம். பிற்காலத்தில் அந்த உருபு வழக்கொழிந்துபோனது. அதே ஒலியுள்ள 'இல்லை' என்கிற எழுத்தைப் போட்டு எழுதிவிட்டார்கள், பொருள் தலைகீழாகிவிட்டது. துறைமுகத்துக்கு இன்றும் மினதோ என்கிறார்கள், தண்ணீரின் வாசல். கண்ணுக்கு மனகோ என்று ஒரு சொல் உண்டு, கண்ணின் குழந்தை. நாம் கண்ணுக்குள்ளே பாவையைப் பார்த்தோம், இவர்கள் பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். தமிழ் டீச்சர் நீ பக்கத்தில் இல்லையே என்று அன்றைக்கு இருந்தது.

அந்த முக்கோணத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆறாம் மாதம் முதல் தேதி, மலைக்குகையில் வைக்கோல் மூடிப் பாதுகாத்த பனிக்கட்டியை எடுத்து அரண்மனையில் தின்பார்களாம், கோடைச் சூடு தாக்காமல் இருக்க. ஏழைபாழைகளுக்குப் பனிக்கட்டி ஏது? மாவை அவித்து, உடைந்த பனிக்கட்டிபோல வெட்டித் தின்றார்கள். மேலே இருக்கும் சிவப்புப் பயறு பீடை கழிக்க. இப்போது கியோட்டோவில் ஜூன் 30 அன்று இதைத் தின்கிறார்கள். அன்றைக்குக் கோயில்களில் கோரைப்புல்லால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வளையம் கட்டி வைத்திருப்பார்கள். இடம், வலம், இடம் என்று எட்டுப் போட்டமாதிரி அதற்குள் நுழைந்து வந்தால் அரை வருஷத்துப் பாவம் போய்விடும். நானும் நுழைந்தேன். அடுத்த அரை வருஷத்துக்குச் சேர்ப்பதற்கு இடம் வேண்டுமே!

இப்போது முக்கியமான மாதத்துக்கு வருகிறேன். பத்தாம் மாதத்தின் பெயர் கன்னஸுகி. காமி என்றால் சாமி. அதே 'ன' உருபுதான் இங்கேயும். சாமியின் மாதம் என்பதே பொருள் என்பார்கள் மொழி அறிந்தவர்கள். ஆனால் எழுதுவது 'சாமி இல்லாத மாதம்' என்று. அப்படியானால் சாமிகள் எங்கே போகின்றன? ஜனங்களுக்குக் கேள்வி வந்துவிட்டது, பதிலும் கிடைத்துவிட்டது: நாடு முழுக்க உள்ள சாமிகள் எல்லாம் அந்த மாதம் இஸுமோவுக்குப் போய்விடுகின்றன. 12ஆம் நூற்றாண்டிலேயே ஃபுஜிவாரா நோ கியோசுகே என்கிற கவிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு வேற்றுமை உருபைத் தப்பாகப் படித்ததில் ஒரு யாத்திரையே முளைத்திருக்கிறது பார். நம் ஊர் தலபுராணங்களில் ஊர்ப் பெயருக்குக் காரணம் சொல்வார்களே, அதே கைவரிசை.

அந்த இஸுமோ எங்கள் பக்கத்து ஊர். இங்கிருந்து ஷின்ஜி ஏரிக் கரையோரமாகவே குட்டி ரயிலில் ஒரு மணி நேரம். ஜப்பான் முழுக்க சாமி இல்லாத மாதம் என்றால், இந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் அதற்குக் 'காமிஅரிஸுகி', சாமி இருக்கும் மாதம். எங்கள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் அந்த மாதம் தோக்கியோவுக்கு மின்னஞ்சல் எழுதினால்கூட இந்தப் பெயரைத்தான் முதல் வரியில் போடுவார். எல்லாச் சாமியும் வந்துவிட்டால் மற்ற ஊர்களை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பாய். எபிசு என்று தூண்டிலும் மீனுமாக ஒரு சாமி உண்டு, வியாபாரிகளுக்கு வேண்டியவர். அவர் மட்டும் போகாமல் வீட்டுக் காவலுக்கு இருந்துவிடுகிறார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இப்படி ஒரு சித்தப்பா வீட்டில் தங்குவாரே, அவர் மாதிரி.

சாமிகள் வருகிற இரவை இந்த வருஷம் போய்ப் பார்த்தேன். நவம்பர் 29, சனிக்கிழமை. பத்தாம் மாதம் என்றால் அக்டோபர் அல்லவா என்கிறாயா? அங்கேதான் ஒரு பழைய சம்பளத் தகராறு குறுக்கே வருகிறது.

1872 வரைக்கும் ஜப்பானில் நிலாவைப் பார்த்துத்தான் மாதம். அமாவாசை வந்தால் ஒன்றாம் தேதி. சூரியனோடு ஒத்துப்போக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாதத்தை இரட்டித்துக்கொள்வார்கள். தெலுங்குக்காரர்கள் அதிக மாசம் என்பார்களே, அது. அந்த வருஷக் கடைசியில் மெய்ஜி அரசாங்கம் திடுதிப்பென்று ஒரு ஆணை போட்டது. வருகிற 12ஆம் மாதம் 3ஆம் தேதியை 1873 ஜனவரி 1 என்று கொள்ளவேண்டும். ஒரு மாதம்கூட அவகாசம் தரவில்லை. அடுத்த வருஷத்துக் காலண்டரை அச்சடித்து வைத்திருந்தவர்கள் தலையில் துண்டு. மேல்நாடுகளோடு ஒத்துப்போவதற்கு என்பது வெளிக் காரணம். உள்காரணத்தைச் சொன்னவர் அப்போது பொறுப்பில் இருந்த ஒகுமா ஷிகெனொபு, பின்னால் வசேதா பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர். பழைய கணக்குப்படி அடுத்த வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். அதிகாரிகளுக்குப் பதின்மூன்று சம்பளம் கொடுக்க கஜானாவில் பணம் இல்லை. புதுக் காலண்டருக்கு மாறினால் ஒரு சம்பளம் மிச்சம். அதோடு விட்டார்களா? அந்த வருஷத்தின் 12ஆம் மாதத்துக்கு இரண்டே நாள்தானே, அதற்கென்ன சம்பளம் என்று அதையும் கொடுக்கவில்லை. மாதச் சம்பளக்காரியாக எனக்கு இதில் இன்னும் வயிற்றெரிச்சல் உண்டு.

மாதப் பெயர்களை என்ன செய்தார்கள் என்றால், அப்படியே தூக்கிப் புது மாதங்களின் மேல் ஒட்டிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் முந்திக்கொண்டது. நம் மாதங்களுக்கு நட்சத்திரத்தின் பெயர் இருந்தாலும் கணக்கு சூரியக் கணக்கு. அதனால் ஆடிக் காற்று ஆடியிலேயே அடிக்கிறது. இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏழாம் மாதம் ஏழாம் நாள் தனபதா என்று ஒரு திருநாள். ஆகாய நதியின் இரு கரையிலும் பிரிந்திருக்கும் இரண்டு நட்சத்திரங்கள் வருஷத்துக்கு ஒருமுறை சந்திக்கும் இரவு. பிள்ளைகள் காகிதச் சீட்டில் ஆசையை எழுதி மூங்கிலில் கட்டுவார்கள். அந்த மாதத்துக்கு ஃபுமிஸுகி, ஏட்டு மாதம் என்று பெயர் வந்ததுகூட அந்தச் சீட்டுகளால்தான் என்று ஒரு கட்சி உண்டு. இன்னொரு கட்சி நெற்கதிரைக் காரணம் சொல்லும். புதுக் கணக்கில் ஜூலை 7 என்பது அடைமழைக்காலம். நட்சத்திரமாவது, நதியாவது! செண்டாய் ஊர்க்காரர்கள் மட்டும் கெட்டிக்காரத்தனமாக ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறார்கள்.

கிசராகி இன்னும் மோசம். 'இன்னொரு உடுப்பை மேலே போட்டுக்கொள்' என்கிற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பிப்ரவரிக் குளிருக்கு அது பொருத்தம்தான். ஆனால் சைக்யோ என்று 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவிக் கவிஞர், கிசராகி மாத முழுநிலாவில், பூத்த செர்ரி மரத்தடியில் சாகவேண்டும் என்று பாடினார். பிப்ரவரியில் செர்ரிப் பூவா, இங்கே முழங்கால் அளவு பனி கிடக்குமே என்று நான் ரொம்ப நாள் குழம்பினேன். அவருடைய கிசராகி நம் மார்ச் கடைசி. 1190இல் அந்த மாதத்தின் 16ஆம் நாள் அவர் காலமானார். ஒரு நாள் பிந்தினாலும் கேட்டது கிடைத்துவிட்டது.

மூன்றாம் மாதம் யாயோய், செடிகொடி தழைக்கும் மாதம். அது போன பாதை வேடிக்கை. தோக்கியோவில் ஒரு கல்வெட்டுப் பாட்டில் இந்த மாதப் பெயர் இருந்தது. அதை வைத்து அந்தப் பேட்டைக்கு யாயோய் என்று பெயரிட்டார்கள். 1884இல் அந்தப் பேட்டையில் ஒரு பழம்பானை அகப்பட்டது. பானையின் பெயரால், நெல் விவசாயம் பரவிய அந்தத் தொல்காலம் முழுவதுமே யாயோய்க் காலம் ஆகிவிட்டது. உஸுகி, வெள்ளைப் பூப் பூக்கிற ஒரு புதரின் பெயரால் வந்தது. சட்சுகி நாற்று நடும் மாதம். ஹஸுகி இலை உதிர்க்கும் மாதம் என்கிறார்கள். ஆகஸ்டில் இங்கே ஒரு இலை உதிராது. மரமெல்லாம் சில்வண்டுச் சத்தம்தான். அந்த மாதத்துப் பதினைந்தாம் நிலாவுக்குச் சேப்பங்கிழங்கு வைத்துப் படைப்பது வழக்கம், 'கிழங்கு நிலா' என்றே பெயர். இந்த வருஷம் அது அக்டோபர் 6இல் வந்தது. நான் கிழங்கை ரோஸ்ட் போட்டுவிட்டேன். அடுத்தது நகாட்சுகி, இரவு நீளும் மாதம். ஷிமோட்சுகி, உறைபனி மாதம்.

தை மாதிரி முதல் மாதம் முட்சுகி, சொந்தபந்தம் கூடிக் குலாவும் மாதம். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதாடிய ஓனோ சுசுமுவை நீ எம்.ஏ.யில் படித்திருப்பாய். ஜனவரி 15 அன்று இங்கே சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி வைக்கும் 'சின்னப் புத்தாண்டை' நம் பொங்கலோடு அவர் ஒப்பிட்டார். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் அவர் சொன்னதை ஏற்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போது ஒரு நிமிஷம் ஏற்றுக்கொள்ளலாம் என்று தோன்றும்.

இப்போது நடக்கும் மாதம் ஷிவாசு. 'ஷி' என்றால் குரு, 'ஹாசு' என்றால் ஓடுவது. வருஷக் கடைசியில் வீட்டுக்கு வீடு மந்திரம் ஓதப் பிக்குமார் ஓடுவதால் வந்த பெயர் என்பது ஊர்க் கதை. இன்றைக்குக் கேட்டால் வாத்தியார்கள் ஓடுகிற மாதம் என்பார்கள். அரையாண்டுத் தேர்வுத்தாளும் கையுமாக நீ ஓடிய ஓட்டம் நினைவுக்கு வந்தது. பழைய பெயர்களில் பேச்சில் நன்றாகப் புழங்குவது இது ஒன்றுதான். டிசம்பர் பிறந்தால் தொலைக்காட்சிச் செய்தியில் தினமும் வந்துவிடும்.

சரி, கடற்கரைக்கு வா.

இஸுமோப் பெரிய கோயில்காரர்கள் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அரசாங்கக் காலண்டரைக் கேட்பதில்லை. பழைய கணக்குப்படி பத்தாம் மாதம் பத்தாம் நாள்தான் சாமிகளை எதிர்கொள்வார்கள். போன வருஷம் நவம்பர் 10. இந்த வருஷம் ஆறாம் மாதம் இரட்டித்ததால் நவம்பர் 29க்குத் தள்ளிப்போனது. கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேற்கே இனாசா கடற்கரை. கரையில் ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் சின்னக் கோயில். மணலில் கயிறு கட்டி இடம் வகுத்து, தீ மூட்டியிருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை, கோமதி. நம் திருச்செந்தூர்க் கடற்கரையை நினைத்துக்கொண்டு போனவளுக்கு முதலில் அதுவே பயமாக இருந்தது. அலைச் சத்தமும் விறகு வெடிக்கிற சத்தமும் மட்டும். பாதத்துக்கடியில் மணல் ஐஸாக இருந்தது.

சாமிகள் கடல் வழியாக வருகின்றன. முன்னே வழிகாட்டி வருவது ஒரு கடற்பாம்பு. இந்தப் பருவத்தில் தெற்கிலிருந்து நீரோட்டத்தில் நிஜமாகவே கடற்பாம்புகள் இந்தக் கரையில் ஒதுங்கும். பூசாரிகள் மந்திரம் சொல்லி முடித்ததும், சாமிகள் குடிகொண்ட மரக்கிளைகளை இரண்டு பேர் தூக்கிக்கொள்ள, சுற்றிலும் நீளமான வெள்ளைத் துணியைப் பிடித்து மறைத்துக்கொண்டு கோயிலை நோக்கி நடந்தார்கள். துணி எங்களைக் கடந்தபோது எல்லோரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். எண்பது லட்சம் சாமிகள் என்பது இவர்கள் கணக்கு. நம் முப்பத்து முக்கோடி மாதிரி. கோயிலில் மூலவர் கூடத்துக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு நீளச் சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 19 கதவுகள். மற்ற நாளில் மூடியே கிடக்கும் கதவுகளை அந்த வாரம் திறந்து வைக்கிறார்கள். அங்கேதான் தங்கல்.

ஒரு வாரம் ஆலோசனை நடக்கும். அது முடியும்வரை அக்கம்பக்கத்தில் பாட்டு, கூத்து, வீடு கட்டுகிற சத்தம் எதுவும் கூடாது என்பது பழைய ஒழுங்கு. அப்போது அடிக்கிற காற்று மழைக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாமிகள் என்ன ஆலோசிக்கின்றன தெரியுமா? யாருக்கு யாரை முடிச்சுப் போடுவது என்று! வருகிற வருஷத்துச் சம்பந்தங்கள் எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகின்றனவாம். சரவணன் பெயரையும் நட்சத்திரத்தையும் நான் மனசுக்குள் தமிழில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மொழி புரிந்திருக்குமா என்று கேட்காதே. எண்பது லட்சத்தில் ஒன்றிரண்டுக்காவது புரியாமலா போகும்? முந்தாநாள் சாமிகள் புறப்பட்டாயிற்று. இனி ஏதாவது ஜாதகம் வந்தால், முப்பத்துநாலு வயசில் அவனும் கொஞ்சம் இறங்கி வரவேண்டும். அது சாமி கையில் இல்லை.

திரும்பும்போது கோயில் வாசலில் ஸென்ஸாய் குடித்தேன். சிவப்புப் பயறுப் பாயசத்தில் சுட்ட அரிசிமாவு உருண்டை மிதக்கும். இந்தத் திருவிழாவில் கொடுத்த 'ஜின்ஸாய்' என்கிற சாமிப் பிரசாதம்தான் வாய்மாறி ஸென்ஸாய் ஆனது என்பது இஸுமோக்காரர்கள் கட்சி. கிண்ணத்தைப் பிடித்துத்தான் எனக்கு விரல்கள் திரும்பக் கிடைத்தன.

அடுத்த வருஷம் சாமிகள் வருவது நவம்பர் 18, புதன்கிழமை. முட்டு சரியானதும் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள், நீ வந்தே ஆகவேண்டும். சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. குடை நான் வைத்திருக்கிறேன். நீ உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோ கொண்டுவா. பனையோலைக்கு இங்கே எங்கே போவது? திருக்கார்த்திகை அன்று மலைமூங்கில் இலையில் பொதிந்து கொழுக்கட்டை அவித்துப் பார்த்தேன். இலை மணமெல்லாம் ஜோராகத்தான் இருந்தது. வெள்ளைச் சீனி போட்டதில் சப்பென்று போய்விட்டது.

அத்தைக்கு என் நமஸ்காரம் சொல்லு. ஊசி போட்ட கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன்,
ரேவதி